மாமாவுக்குக் கூச்சம்

வாயைத் திறந்து நான் செய்த முட்டாள்தனங்களை எழுத ஆரம்பித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. வாயை மூடிக்கொண்டு செய்த முட்டாள்தனம் ஒன்றே ஒன்றுதான். என் துரதிர்ஷ்டம், ஊருக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

அதை நானே எழுதிவிடுவது என்று தீர்மானித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது இந்தக் கதையை அவிழ்த்துவிடுகிறார்கள். தடவைக்குத் தடவை என் அசட்டுத்தனம் ஒரு பிடி கூடிக்கொண்டே போகிறது. போன கல்யாணத்தில் நான் குதிரையிடம் உதை வாங்கியதாகக்கூட ஒருவர் சொன்னார். (பொய். குதிரை என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.)

யுத்த காலம். எங்கள் திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போயின. பஸ் இருமியதால் ஜட்கா பிழைத்தது. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரை நான் ஓட்டிய ஜட்காவும் அப்படிப் பிழைத்ததுதான். வண்டியும் குதிரையும் எங்கள் நைனா விட்டுப்போன சொத்து. குதிரைக்கு ஜமீன் என்று பெயர். உழைக்காமல் சாப்பிட வேண்டும் என்பது அதன் கொள்கை. சாட்டையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேச்சுக்கு மட்டும்தான் நடக்கும். அதிலும் முதலில் கொஞ்ச வேண்டும், அப்புறம் கெஞ்ச வேண்டும், அதற்கப்புறம் மிரட்ட வேண்டும். வரிசை தப்பினால் ஒரு குளம்பைக்கூடத் தூக்காது.

இந்த உத்தியோகத்துக்கு என்னைவிடப் பொருத்தமானவன் ஊரில் இல்லை. நான் அவ்வளவு பேசுவேன். தமிழ் சவாரிக்குத் தமிழ், தெலுங்கு சவாரிக்குத் தெலுங்கு, இரண்டும் தெரியாத சாமியாருக்கு இரண்டையும் கலந்து. சவாரி இல்லாவிட்டால் குதிரையிடம் பேசுவேன். குதிரை தூங்கிவிட்டால் சக்கரத்திடம் பேசுவேன்.

வீட்டில் என் அக்கா அலமேலு இருந்தாள். அவள் புருஷன், எங்கள் பாவா, பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டதால் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்திருந்தாள். மகள் பெயர் கோவிந்தம்மாள். பெயர் ஆளைவிட நீளமாக இருந்ததால் கோயிந்து என்று கூப்பிட்டோம். மூன்று வயது முடியப்போகிறது, பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். சீப்பு எடுத்து வா என்றால் எடுத்து வருவாள். அடுத்த தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தால் அவள்தான் முதலில் எழுந்து நிற்பாள். வாயை மட்டும் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஏன் பேசவில்லை என்று ஊரெல்லாம் யோசித்தது. நானும் யோசித்தேன். (சத்தமாக.)

எனக்கு ஒரு வித்தை தெரியும். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, மூன்று வயதுக் குழந்தை மாதிரி கீச்சுக் குரலில் பேசுவேன். வண்டியில் முன்னால் என்னோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் கோயிந்துவைப் பார்த்து எந்த அம்மாளாவது, "உம் பேரு இன்னாம்மா?" என்று கேட்டால் போதும். குழந்தை வாயைத் திறக்க யோசிப்பதற்குள் நான் கீச்சுவேன்: "எம் பேரு கோயிந்துங்க! எங்க மாமா ரொம்ப நல்லவருங்க! இன்னும் கண்ணாலம் ஆவலிங்க!"

வண்டியே சிரிக்கும்.

"கொழந்த பேசாதா?"

"பேசும்ங்க. கூச்சம். எங்கிட்ட மட்டும் பேசும்."

(இந்தக் கூச்சம் என்ற வார்த்தையை வாசகர்கள் கொஞ்சம் பத்திரமாக வைத்திருக்கவும். பிறகு அது என் தலையில் வந்து விழும்.)

வீட்டில் விளையாட்டிலும் இதே கதைதான். அவள் உள்ளங்கையில் என் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவேன். "அம்மாவுக்கு ஒரு வாய் குடுக்கலாமா?" என்று நான் கேட்பேன். "ஆங், குடுக்கலாம்" என்று நானே கீச்சுவேன். "மாமாவுக்கு?" "மாமாவுக்கு ரெண்டு வாய்!" அதுவும் நானே. சொப்பு வைத்து மண் சோறு ஆக்கினால் அரிசிக் கடைக்காரனும் நான், அரிசி வாங்க வந்தவளும் நான், உப்பு பற்றவில்லை என்று சண்டைக்கு வரும் மாமியாரும் நான். கோயிந்து காலை நீட்டி உட்கார்ந்து, கொட்டகையில் கூத்துப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூத்துப் பார்க்க வந்தவர்கள் நடுவில் எழுந்து பேச மாட்டார்கள். அவளும் பேசவில்லை.

"டேய், நீ கொஞ்சம் மூடிகினு இருந்தா அவ தொறப்பா" என்று அக்கா ஒரு தடவை சொன்னாள்.

"நானும் மூடிகினா ஊட்ல ரேடியோ இல்லியே அக்கா" என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைத்து நானே சிரித்தும் கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள், தேன் தடவினாள். தேன்தான் தீர்ந்தது. (பாதியைத் தின்றது யார் என்று கேட்க வேண்டாம்.)

பங்குனியில் மணவூரிலிருந்து ராஜம்மாள் வந்து இறங்கினார். பாவாவுக்கு அக்கா, எங்கள் அக்காவுக்கு நாத்தனார். அவர் நடந்து வந்தால் ரயிலே வழி விடும். பின்னால் அவர் புருஷன் முனிரத்தினம் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். மனுஷனிடமிருந்து "ஆங்" என்பதைத் தவிர வேறு சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

"தம்பி பொண்ணு ஊமைனு ஊரெல்லாம் பேசிக்கிறாங்களே, மெய்யா?" என்று வாசலிலேயே கேட்டார் ராஜம்மாள். அக்கா முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்து எனக்கு வீரம் வந்தது. வீரம் வந்தால் எனக்கு மூளை போய்விடும்.

தலைத்துண்டை எடுத்து, பல்வலி என்று வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ராஜம்மாள் எதிரில் போய் உட்கார்ந்தேன். துணிக்குள்ளிருந்து கீச்சினேன்: "அத்தே, சௌக்கியமா? மணவூர்ல மழையா?"

ராஜம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடி என் கண்ணே! பேசுறாளே!" என்றார். முனிரத்தினம் "ஆங்" என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாடு கன்று போட்டதா, நீங்கள் பின்னும் கூடையை எங்கே விற்கிறீர்கள், எங்க மாமாவுக்கு உங்க ஊரில் பெண் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. ராஜம்மாள் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துத்தான் குனிந்தேன்.

கோயிந்து தூங்கிப் போயிருந்தாள். நன்றாக வாயைப் பிளந்துகொண்டு, லேசான குறட்டையுடன்.

அன்று நான் வாங்கிய ஏச்சை எழுதினால் அச்சுக்கூடத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் ராஜம்மாள் அக்காவிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "ஆடிக் கிருத்திகைக்கு வருவேன். அதுக்குள்ள கொழந்த தானா பேசணும். இல்லாட்டி மணவூருக்கு அழச்சிகினு போயிடுவேன். அங்க ஒரு வைத்தியர் கீறார். மஞ்சக் கொம்ப நெருப்புல காட்டி நாக்குல ஒரு இழு இழுத்தார்னா பேச்சு வந்துடும். தம்பி ஊர்ல இல்ல. நான் தான் பாக்கணும்."

அக்காவால் எதிர்த்துப் பேசவும் முடியாது, புருஷன் வீட்டுப் பேச்சு. மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அந்தச் சின்ன நாக்கு தெரிகிற வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் கிடைத்துவிட்டது. பாடம் ஆரம்பித்தேன். காலை எழுந்தது முதல் கோயிந்து முன்னால் உட்கார்ந்து, "சொல்லு, மா... மா. மாமா. சொல்லு பாக்கலாம், மாமா. அம்மா. குதுர. தண்ணி. சொம்பு" என்று அடை மழையாகக் கொட்டினேன். அவள் உதடு கொஞ்சம் அசைந்தால் போதும், "மாமான்னு சொல்லிட்டா!" என்று கத்துவேன். "சொன்னது நீ" என்பாள் அக்கா அடுப்படியிலிருந்து.

ஆனி முடிந்தது. பாடமும் முடிந்தது. மாணவி தேறவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. முருகனுக்கு வேண்டிக்கொள்பவர்கள் தங்களுக்குப் பிரியமானதைத்தானே கொடுக்கிறார்கள்? முடி கொடுக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். எனக்குப் பிரியமானது எது? பேச்சு. அதைக் கொடுத்துவிட்டால்? எங்கள் ஊரில் வாய்ப்பூட்டு என்று ஒரு வேண்டுதல் உண்டு. குளத்தில் குளித்து வாயைப் பூட்டிக்கொண்டு, மலைமேல் சன்னிதியில் பூட்டைத் திறக்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் வேண்டுதல் செத்தது. பெரிய பக்திமான்கள் கன்னத்தில் கம்பியே குத்திக்கொள்வார்கள். நான் அவ்வளவு பெரிய பக்திமான் இல்லை. வாயைச் சுற்றி மஞ்சள் துணி, அதன்மேல் வெள்ளித் தகட்டில் செய்த சின்னப் பூட்டு. எனக்கு அது போதும் என்று முருகனிடம் பேசி முடித்துக்கொண்டேன்.

வழக்கமாக வேண்டியது நடந்த பிறகுதான் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள். நான் முன்கூட்டியே செலுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்கிக்கொண்ட பிறகு சாமியால் மறுக்க முடியாது பாருங்கள்.

ஜட்கா ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது, கூட வண்டி ஓட்டும் காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே சிங்காரம், நீ பேசாம மலையேறுறதா? முருகன் நம்ப மாட்டாரு" என்றார்.

ஆடிக் கிருத்திகை. விடிந்தும் விடியாமலும் சரவணப் பொய்கையில் முங்கி எழுந்தேன். ஊரே மஞ்சளும் பூக்காவடியுமாக இருந்தது. பண்டாரம் ஒருவர் துணியைக் கட்டிப் பூட்டை மாட்டினார். "ரொம்ப இறுக்காதீங்க" என்று சொல்ல நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, இனிமேல் சொல்ல முடியாது என்று. மூக்கு அரித்தது. அரிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

அக்கா பால்குடத்தோடு நின்றிருந்தாள். ராஜம்மாள் சாயங்கால வண்டியில் வருவதாகப் பேச்சு. அதற்குள் மலையேறி இறங்கிவிடலாம் என்று எங்கள் திட்டம். அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் வண்டியை நிறுத்தினார்.

"அலமேலும்மா, உங்க நாத்தனாரு காலம்பற வண்டிக்கே வந்து எறங்கிட்டாங்க. எங்க வண்டியில ஏற மாட்டாங்களாம். சம்பந்தி ஊட்டு வண்டி வர்ற வரிக்கும் அங்கயே நிக்கிறாங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூட்டைக் காட்டினேன்.

"பேசக்கூடாதுன்னு தான் வேண்டுதல். வண்டி ஓட்டக்கூடாதுன்னு இல்ல. போய் இட்டுகினு வா" என்றாள் அக்கா. கோயிந்து அதற்குள் பக்கத்தில் நின்ற எங்கள் வண்டியில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஏறிக் கடிவாளத்தைச் சுண்டினேன். ஜமீன் நகரவில்லை. மறுபடி சுண்டினேன். காதை ஆட்டியது. கொஞ்சல் எங்கே, கெஞ்சல் எங்கே என்று காத்திருக்கிறது. சாட்டைக் கம்பைச் சக்கரத்தில் விட்டுக் கடகடவென்று ஓசை எழுப்பினேன். அப்போதுதான் அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. முகத்தில் பாதியை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் இந்த ஆள் யார் என்ற பார்வை. "ம்ம்... ம்ம்" என்று தொண்டையால் முனகினேன். காவடிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கோயிந்துவும் என் முகத்தையே பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். பேசவில்லை. இன்னும் காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து நான் இருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதியை அவள் கண்டதில்லை. குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குதிரையைப் பார்த்தாள்.

"நட நைனா" என்று கீச்சினாள்.

நான் கடிவாளத்தை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"நட கண்ணு. நட ராஜா. நடடா சோம்பேறி, ஒத வாங்குவ!"

கொஞ்சல், கெஞ்சல், மிரட்டல். வரிசை துளி தப்பவில்லை. ஜமீன் நடந்தது. எனக்கு, "அக்கா! பேசிட்டா!" என்று மலையே அதிரக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் வேண்டுதல் போச்சு. சந்தோஷம் வாய் வழியாக வர முடியாமல் கண் வழியாக வந்தது. அக்கா அதற்குள் கூட்டத்தில் பின்தங்கிவிட்டாள்.

வழியில் கோயிந்து வாய் மூடவில்லை. "இன்னா சிங்காரம், வாய்ப்பூட்டா?" என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். கோயிந்து மூக்கை அடைத்துக்கொண்டு கீச்சென்று பதில் சொன்னாள்: "மாமாவுக்குக் கூச்சம்ங்க! எங்கிட்ட மட்டும் பேசும்ங்க!"

அந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. என்னுடையது. பேச்சு என்றால் இந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது.

ரயிலடியில் ராஜம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பக்கத்தில் முனிரத்தினமும் பையும். வண்டி நிற்பதற்குள் கோயிந்து எழுந்து நின்று, தெலுங்குச் சவாரிகளைக் கூப்பிடுவது போல அத்தையைக் கூப்பிட்டாள்: "ரண்டி ரண்டி, வாங்க வாங்க! கொண்டக்கா, மலைக்கா? ஏறுங்க, ஏறுங்க!"

ராஜம்மாள் குழந்தையைப் பார்க்கவில்லை. என் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார்.

"டேய் சிங்காரம். மறுபடியுமா?"

நான் தலையைப் பலமாக ஆட்டினேன். ஆட்டியதில் துணி அசைந்தது.

"அதோ, துணி ஆடுது பாரு! பங்குனியில பல்வலி. ஆடியில பக்தியா?"

"எங்க மாமா ரொம்ப நல்லவருங்க" என்றாள் கோயிந்து கீச்சுக் குரலில். "இன்னும் கண்ணாலம் ஆவலிங்க."

"கேட்டுகினீங்களா?" என்று ராஜம்மாள் பிளாட்பாரத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டார். "மூணு வயசுக் கொழந்த பேசுற பேச்சா இது? சாமிக்குக் கட்டின துணிக்குள்ளயே குரல் வுடுறான், பாவி!"

பின்னாலேயே வந்த காதர் பாய் குறுக்கே வந்தார். "அம்மா, கொழந்த தான் பேசுது. வழியெல்லாம் நானே கேட்டுகினு வந்தேன்."

"நீங்க அவன் கூட்டாளி. அப்பிடித்தான் சொல்லுவீங்க."

நான் கையைக் கூப்பினேன், மலையைக் காட்டினேன், குழந்தை வாயைக் காட்டினேன், என் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று ஒரு போர்ட்டர் ஓடிவந்தார்.

ராஜம்மாள் குழந்தையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். "இப்ப பேசுவியா? பேச மாட்ட! உம் பேரு இன்னா? கோயிந்தம்மான்னு சொல்லு. நான் யாரு? அத்தேன்னு சொல்லு. எங்க, சொல்லு!" என்று கேள்வியையும் பதிலையும் அவரே கொட்டினார். கோயிந்து வாயை இறுக மூடிக்கொண்டாள். (இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.)

ஜமீன் வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து முனகினேன். திடீரென்று வண்டிக்குள்ளிருந்து, "நட நைனா, நட கண்ணு!" என்று கீச்சுக் குரல் கேட்டது.

"அடப்பாவி!" என்று அலறினார் ராஜம்மாள். "முதுகு வழியா குரல் வுடுறான்!"

ரயிலடி முழுக்கச் சிரித்தது. முனிரத்தினம் குழந்தையின் வாயைக் கூர்ந்து பார்த்தார். "ஆங்" என்றார். அதற்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை.

அடிவாரத்தில் அக்கா எங்களைப் பார்த்ததும், "மெய்யா? பேசினாளாமே? ஜனங்க சொன்னாங்களே!" என்று ஓடிவந்தாள். நான் தலையாட்டினேன், ஜமீன் கொள்ளுப் பையைக் கண்டால் ஆட்டுவது போல.

"பேசினது உன் தம்பி" என்றார் ராஜம்மாள். "சாமியவே ஏமாத்துறான். இவங்கூட இருந்தா கொழந்தைக்கு நாக்கு மட்டுமில்ல, புத்தியும் வராது. நாளைக்குக் காலம்பற வண்டிக்கு இட்டுகினு போறேன்."

அக்கா குழந்தையின் முகத்தைப் பிடித்தாள். "கோயிந்து, ஒரு வார்த்த சொல்லுடி. அம்மான்னு சொல்லு. ஒரே ஒரு தடவ."

சுற்றிலும் கூட்டம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கோயிந்து அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா கையிலிருந்த பால்குடம் தளும்பி அவள் காலில் வழிந்தது.

என் கை முடிச்சுக்குப் போய்விட்டது. ஒரு இழு இழுத்தால் துணி அவிழ்ந்துவிடும். "நான் இல்லை, அவள்தான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன கணமே வேண்டுதல் செத்துப்போகும். அதோடு வந்த பேச்சும் போய்விட்டால்? கையை இறக்கினேன். இன்றுவரை என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

படி ஏறினோம். செய்தி எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டது. "இவர் தான் குரல் வுடுறவரா?" "அண்ணே, முருகா முருகான்னு கீச்சுக் குரல்ல சொல்லேன், கேப்போம்!" காவடி எடுத்தவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் துணி ஆடுகிறதா என்று பார்த்தார்கள். பாதி வழியில் ராஜம்மாளுக்கு மூச்சு வாங்கியது. குழந்தையை முனிரத்தினத்தின் தோளில் ஏற்றிவிட்டு, அரோகரா சொல்லக்கூடத் தெம்பில்லாமல் ஏறினார். முனிரத்தினமும் கோயிந்துவும் பின்தங்கி மெல்ல வந்தார்கள்.

சன்னிதியில் குருக்கள் பூட்டைத் திறந்து, துணியை அவிழ்த்து, வாயில் விபூதி போட்டார். பூட்டை உண்டியலில் போட்டேன். பிரகாரத்துக்கு வந்ததும் ராஜம்மாள் குழந்தையை என் எதிரில் நிறுத்தினார். அக்கா கையில் தொன்னை நிறையப் பஞ்சாமிர்தம்.

"இப்ப துணியில்ல, பூட்டுமில்ல. இங்கியே கேக்குறேன்" என்றார் ராஜம்மாள். "கோயிந்து, உம் பேரு இன்னாடி?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான் என்று வாசகர்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சு மூக்குக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம். சத்தியமாக என்னை அறியாமல், கீச்சென்று, "எம் பே..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

முழுசாகச் சொல்வதற்குள் அக்காவின் கை வந்தது. தொன்னையிலிருந்த பஞ்சாமிர்தம் அத்தனையும் என் வாய்க்குள் போயிற்று. வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம், கொட்டையோடு.

"மெல்லாத. முழுங்காத. அப்படியே நில்லு" என்றாள் அக்கா.

நின்றேன். மோவாயில் தேன் ஒழுகியது. ராஜம்மாள் மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா பிசுபிசுத்த கையை அவர் பக்கம் தூக்கினாள்.

"அண்ணி, நீங்களும்."

நாத்தனாரைப் பார்த்து அக்கா அப்படிப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. திகைப்பில் ராஜம்மாள் வாயை மூடிவிட்டார். மணி அடித்தது, ஓய்ந்தது. எங்கள் வட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. கோயிந்து அம்மாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். உப்பிய கன்னத்தோடு ஒழுகிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஈ வந்து என் மோவாயில் உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட நான் அசையவில்லை.

"மாமா வாயில பழம்" என்றாள் கோயிந்து.

கீச்சுக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரத்த, அடித் தொண்டைக் குரல். அவளுடைய சொந்தக் குரல். அதை நானும் அக்காவும் அதுவரை கேட்டதில்லை.

அப்புறம் அம்மாவின் காலியான தொன்னையைப் பார்த்து, "எனக்கு?" என்றாள்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ராஜம்மாள் குனிந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பஞ்சாமிர்தம் முழுசாக இருந்தது. அப்படியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

அப்போதுதான் முனிரத்தினம் பேசினார். "படியேறும்போது பூரா பேசிகினு தான் வந்துச்சு. கொரங்கு கேட்டுச்சு, பூக்காவடி கேட்டுச்சு, பொரி வேணும்னு கேட்டுச்சு. இந்தக் கொரல் தான்."

"அதை அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வுடல" என்றார் முனிரத்தினம்.

மறுநாள் காலை வண்டிக்கு ராஜம்மாளும் முனிரத்தினமும் மட்டும் ஏறினார்கள். மஞ்சள் கொம்பு பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் ராஜம்மாள் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயிந்து கல்யாணத்தன்று மணப்பெண்ணாக நின்று, "அத்தே, சாப்டீங்களா?" என்று கேட்டபோதுகூட அவர் திரும்பி என் உதட்டைத்தான் பார்த்தார்.

நானும் திருந்தினேன், என்னால் முடிந்த மட்டும். பருப்புக் கடையும்போது, "மாமாவுக்கு எத்தன வாய்?" என்று கேட்டுவிட்டு, நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் யோசித்து யோசித்து, "மாமாவுக்கு இல்ல" என்பாள். நானே பதில் சொன்ன காலத்தில் எனக்கு இரண்டு வாய் கிடைத்துக்கொண்டிருந்தது. சொப்புக் கடையில் கடைக்காரி அவள், வாங்க வந்தவன் நான். நான் வாங்கிய அரிசியில் கல் என்று நான் சண்டை போட்டால், அது கல் இல்லை, கடலை என்று அவள் சாதிப்பாள். கொஞ்ச நாளில் ஜமீனுக்கு என் குரலைவிட அவள் குரல்தான் பிடித்துப்போயிற்று. அவளை ஏற்றாமல் நான் சவாரிக்குப் போக முடியாத நிலைமை வந்தது. முருகனுக்குப் பேச்சைக் கொடுத்தேன் அல்லவா? அவர் அதை எடுத்துக்கொண்டு இவளிடம் கொடுத்துவிட்டார் என்று காதர் பாய் சொல்வார். எனக்குத் திருப்பிக் கொடுத்தது ஏன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

போன வாரம் கோயிந்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாண்டு, இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாக உதிர்க்கிறது. மடியில் ஏற்றிக்கொண்டு, "உம் பேரு இன்னாடி ராஜாத்தி?" என்று கேட்டேன். அது என் மீசையைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, யோசித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் யோசித்தது. மூக்கு அரித்தது. என்ன இருந்தாலும் மனுஷன்தானே. லேசாக, மிக லேசாக, "எம் பேரு..." என்று கீச்சினேன்.

அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், கோயிந்து கேட்டாள்:

"பஞ்சாமிர்தம் எடுத்தாரட்டுமா, மாமா?"